எல்லைப்புறப் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு

தமிழகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்குப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஒரு கவலை உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியோ கன்னடமோ வங்காளமோ இந்தியோ, பள்ளியில் ஆங்கிலம். இம்மூன்றுக்கும் இடையே வளரும் பிள்ளை மாலையில் விளக்கடியில் அமர்ந்து ஆங்கிலப் பாடத்தை உரக்க வாசிக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, உச்சரிப்பும் நன்று. "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டால் மட்டும் மௌனமாகிவிடுகிறது. எழுத்தைப் படித்தல் வேறு, பொருளை உணர்தல் வேறு என்பதை அந்த மௌனம் நமக்குத் தெரிவிக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பிள்ளை கடப்பதற்கு ஆசிரியரும் பெற்றோரும் எவ்வாறு துணை நிற்கலாம்?

இக்கேள்வி புதியதன்று. தமிழகத்தின் மேற்கெல்லையை ஒட்டிக் கேரளத்தில் உள்ள பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழ்ப் பகுதிகள் இதனோடு நெடுங்காலம் பழகியவை. சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்களிலும், மலைமேல் மூணாறு, தேவிகுளம், மறையூர், வட்டவடை, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களிலும் தமிழ் மக்கள் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். அங்குள்ள பிள்ளைக்கும் வீட்டில் தமிழ், ஊரில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம். ஆகவே அப்பகுதியில் ஆங்கில வாசிப்பு கற்பிக்கப்பட்ட வரலாற்றைக் காண்பது நம்முடைய வரலாற்றைக் காண்பதே ஆகும்.

ஆங்கிலம் வருவதற்கு முன் இருந்த நிலையை முதலில் நோக்குவோம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியரே பல வகுப்பினருக்கும் பாடம் சொன்னார். மணலில் விரலால் எழுதிப் பழகிய சிறுவனுக்கு, அவனைவிடச் சற்றே முன்னேறிய மாணவன் துணையாக இருந்தான். சட்டாம்பிள்ளை பாடம் கேட்டான், ஆசிரியர் திருத்தினார். இம்முறையின் சிறப்பைப் பிறநாட்டார் ஒருவர் கண்டு கொண்டார். ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்குழந்தைகளுக்கான விடுதியின் பொறுப்பை ஏற்றார். 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் சிறுவர் மணலில் எழுதக் கண்ட அவர், தம் விடுதியிலும் அவ்வழக்கத்தைக் கொணர்ந்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' என்றே வழங்கினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பெல் 1797இல் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அம்முறை 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தில் பரவியது.

நூல்களைப் பொருளுணர்ந்து படிப்பதற்கும் தமிழில் ஒரு மரபு உண்டு. அதுவே உரை மரபு. நன்னூலில் பவணந்தியார் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்னும் உறுப்புகளை வகுத்துள்ளார். கடினமான ஒரு சூத்திரத்தின் முன் நிற்கும் மாணவனுக்கு, முதலில் அதன் சாரமான கருத்து. பின் சொற்களின் பொருள். பின் அவன் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு. பின் அவன் மனத்தில் எழக்கூடிய ஐயமும் அதற்கு விடையும். மூலத்தை எளிதாக்கி மாற்றிவிடாமல், மாணவனை மூலத்தின் உயரத்துக்கு ஏற்றும் வழி இது. இவ்விரு மரபுகளையும் நினைவில் கொண்டு மேலே செல்வோம்.

பாலக்காட்டு நகரப் பகுதி 1800 முதல் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதற்குக் கிழக்கே உள்ள சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்டது. தேவிகுளம், பீர்மேடு மலைகள் திருவிதாங்கூர் அரசுக்கு உரியன. எனவே இன்று ஒரே மாநிலமாக உள்ள இவ்வெல்லைப்புறம், அன்று மூன்று ஆட்சிகளின் கல்வித் துறைகளுக்கு உட்பட்டிருந்தது. மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பும், 1854ஆம் ஆண்டு உட்டு அறிக்கையும், 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகமும் ஆங்கிலப் படிப்புக்கு வழி வகுத்தன. பாலக்காட்டில் 1858இல் பேசல் மிஷன் பள்ளி தோன்றியது. 1866இல் தொடங்கிய மற்றொரு பள்ளி வளர்ந்து 1888இல் கல்லூரியாயிற்று. அதுவே விக்டோரியா கல்லூரி.

மலைப்பகுதியின் கதை வேறு. 1877இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து மன்றோ என்னும் ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகளின் வழியாகத் தொழிலாளர் மலையேறினர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பள்ளி என்பது எட்டாத பொருளாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுள் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர் இருபத்தைந்துக்கு மேற்பட்டால், அவர்களின் கல்விக்கு வசதி செய்யுமாறு தோட்ட உரிமையாளரைப் பணிக்கும் விதிகளை மாநில அரசு இயற்றலாம் என்பது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில்தான் இடம்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு எவ்வாறு நடந்தது? ஆசிரியர் ஒரு வாக்கியத்தைப் படிப்பார். சொல்லுக்குச் சொல் தாய்மொழியில் பொருள் கூறுவார். மாணவர் அதனை எழுதி நெட்டுருச் செய்வர். தேர்வில் அதே வாக்கியம் வந்தால் விடை உண்டு; வேறு வாக்கியம் வந்தால் விடை இல்லை. மேற்பார்வைக்கு இது நம் உரை மரபைப் போலவே தோன்றும். ஆயினும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. காண்டிகையுரையில் வினாவும் விடையும் இருந்தன. இங்குப் பதப்பொருள் மட்டுமே எஞ்சியது. மாணவன் கேட்க வேண்டிய கேள்வி மறைந்துவிட்டது.

இக்குறையை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் வெஸ்ட் குறிப்பிடத்தக்கவர். இந்தியக் கல்விப் பணியைச் சேர்ந்த அவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தார். இருமொழியம் பற்றி 1926இல் அவர் வெளியிட்ட நூலில், வங்காளச் சிறுவனுக்கு ஆங்கிலத்தில் முதன்மையாக வேண்டுவது பேச்சன்று, வாசிக்கும் திறனே என்று வாதிட்டார். பழைய வாசகங்களில் ஒவ்வொரு பக்கத்திலும் புதுச்சொற்கள் நெருங்கிக் கிடந்தன. பிள்ளை அவற்றில் இடறி விழுந்தது. வெஸ்ட் தம் வாசகங்களில் புதுச்சொற்களைச் சிறிது சிறிதாகப் பரப்பி வைத்தார். வந்த சொல் மீண்டும் மீண்டும் வருமாறு கதைகளை அமைத்தார். ஒரு பாரத்தைப் பல நடைகளாகச் சுமப்பது போன்றது இது. பாரம் குறையவில்லை, சுமப்பவனுடைய இளைப்புக் குறைந்தது.

இந்நிலையில் நாடு விடுதலை பெற்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. திருவிதாங்கூரின் தென்கோடி வட்டங்களான தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவையும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கிளர்ச்சி நடத்திக் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. மலபாரும் கேரளத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டாலும் அதன் இருபுறத்தும் பிறமொழி மக்கள் இருப்பர். இதனை உணர்ந்தே அவ்வாண்டு அரசியலமைப்பில் 350ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்பது அதன் கருத்து. இவ்விதி கேரளத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் குடியேறி வாழும் மாநிலங்களுக்கும் உரியது.

எல்லை பிரிந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1959இல், சென்னை மாநிலத்தில் ஒரு பெருமுயற்சி தொடங்கிற்று. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பது அதன் நோக்கம். முதலில் ஒரு சிறு குழுவினர் பயிற்சி பெற்றுப் பிறரைப் பயிற்றுவர். அவர்கள் இன்னும் பலரைப் பயிற்றுவர். உருள உருளப் பெருகும் பனியுருண்டையை ஒத்ததால் இதனைச் 'சென்னைப் பனியுருண்டை' என்றே அழைத்தனர். வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி, வாய்மொழியாகப் பலமுறை சொல்லிப் பழக்குவது அக்காலத்து முறை. பிள்ளைகள் வாய்திறந்து ஆங்கிலம் பேசப் பழகினர் என்பது அதன் நன்மை. ஆனால் வாக்கிய வார்ப்புகளைச் சொல்லப் பழகிய பிள்ளை ஒரு முழுப் பத்தியின் முன் நிற்கும்போது என்ன செய்வது என்பது, அதில் தீராத வினாவாகவே நின்றது.

தீர்வுக்கு உதவிய ஒரு சொல் 1976இல் பிறந்தது. உட்டு, புரூனர், ராஸ் என்னும் மூவர் மூன்று முதல் ஐந்து வயது வரை உள்ள 30 குழந்தைகளிடம் 21 மரத்துண்டுகளைக் கொடுத்து, அவற்றைக் கூம்பு வடிவாக அடுக்கும் வேலையை ஓர் ஆசிரியையின் துணையோடு செய்யச் சொன்னார்கள். ஆசிரியை குழந்தைக்காக அடுக்கிவிடவில்லை. அதன் ஆர்வத்தைத் தூண்டினார். வேலையைச் சிறு கூறுகளாக்கினார். முக்கியமான அடையாளத்தைச் சுட்டினார். சோர்வு வராமல் காத்தார். வேண்டிய இடத்தில் மட்டும் செய்து காட்டினார். குழந்தை தானே செய்யத் தொடங்கியதும் விலகிக் கொண்டார். இத்தகைய துணைக்கு அவர்கள் இட்ட பெயர் 'சாரம்'. கொத்தனார் சவுக்குக் கம்பும் மூங்கிலும் கயிறும் கொண்டு கட்டும் அதே சாரந்தான். சுவர் எழும்பும்வரை சாரம் வேண்டும். எழும்பிய பின் அதனை அவிழ்த்துவிட வேண்டும். பிள்ளை தனியே செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையே உள்ள வெளியில்தான் கல்வி நிகழ்கிறது என்று, 1934இல் மறைந்த ருசிய அறிஞர் வைகாட்ஸ்கி முன்பே கூறியிருந்தார். அக்கருத்துக்கு இச்சொல் ஓர் உருவம் கொடுத்தது.

இதனோடு ஒத்த ஓர் ஆய்வு தென்னிந்தியாவிலேயே நடைபெற்றது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய நகரங்களின் பள்ளிகள் சிலவற்றில் ஒரு புதுமுறையைச் சோதித்தார். இலக்கண விதியை முதலில் கூறவில்லை. இரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்ற ஒன்றை வகுப்பின் முன் வைத்து, ஆசிரியர் வினாக்களின் வழியாக மாணவரோடு சேர்ந்து ஒரு கணக்கைத் தீர்ப்பார். பின் அதைப் போன்ற வேறொரு கணக்கை மாணவர் தனித்தனியே வாசித்துத் தீர்ப்பர். முதற்பகுதியில் துணை, இரண்டாம் பகுதியில் தன் முயற்சி. வேலை மிக எளிதாகவும் இருத்தலாகாது, மலைப்பூட்டுவதாகவும் இருத்தலாகாது. 1987இல் அவர் எழுதிய நூலால் இம்முயற்சி உலகெங்கும் அறியப்பட்டது.

இனி எல்லைப்புறத்துக்கே மீள்வோம். மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் 1990களில் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் கட்டத்தில் இடுக்கியும் பாலக்காடும் இடம்பெற்றன. 2007ஆம் ஆண்டுக் கலைத்திட்ட வரைவுக்குப் பின், ஆங்கில வாசிப்பைப் படிப்படியாக அமைக்கும் முறை கேரளப் பள்ளிகளில் பரவியது. முதலில், பாடத்தைத் தொடுமுன் பிள்ளைகளின் அனுபவத்தைத் தூண்டும் உரையாடல். அடுத்து, ஒவ்வொருவரும் தனியே மௌனமாக வாசித்து, விளங்கிய இடத்தில் ஒரு குறியும் விளங்காத இடத்தில் வினாக்குறியும் இடுதல். மூன்றாவதாக, சிறு குழுக்களாக அமர்ந்து ஒருவர் அறியாததை மற்றவரிடம் கேட்டறிதல். நான்காவதாக, எஞ்சிய இடங்களுக்கு மட்டும் ஆசிரியர் வினாக்களின் வழியாக வெளிச்சம் காட்டுதல். இறுதியில் ஆசிரியர் உரக்க வாசித்தல். திண்ணைப் பள்ளியில் மாணவனுக்கு மாணவன் துணை நின்றதும், காண்டிகையுரையில் வினாவும் விடையும் நின்றதும் இங்குப் புதுப்பெயரோடு திரும்பி வந்துள்ளமையைக் காண்கிறோம்.

இம்முறை தமிழ்ப் பிள்ளைக்குப் பயன்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சாரத்துக்கு வேண்டிய மரம் பிள்ளையின் கையருகே கிடைக்க வேண்டும். கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளுக்கெனப் பிற பாடநூல்கள் தமிழில் வெளியிடப்படுகின்றன. ஆனால் ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியர் தொடங்கும் உரையாடல் பிள்ளை அறியாத மொழியில் நடந்தால், ஒரு சுவர் ஏறுவதற்கு வேறொரு சுவரைக் காட்டியது போலாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து கொள்வோம். பனி பெய்யும் ஊரைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்று ஐந்தாம் வகுப்பில் வருகிறது. வட்டவடையிலோ மூணாற்றிலோ உள்ள பிள்ளை, தை மாத விடியலில் புல்மேல் வெண்மையாகப் படிந்த உறைபனியைக் கண்டிருக்கும். "காலையில் புல்லைத் தொட்டால் விரல் எப்படி இருக்கும்? வெயில் ஏறினால் அது எங்கே போகும்?" என்று தமிழில் இரண்டு கேள்வி கேட்டால் போதும், பத்தியின் பாதிப் பொருள் அப்பிள்ளைக்குத் திறந்துவிடும். கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையோ பனைமரமும் வெயிலும் பாலக்காட்டுக் கணவாயின் வறண்ட காற்றும் அறிந்தது. அதனிடம் உறைபனியைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. குளிர்பெட்டியின் உட்புறத்தில் படியும் வெள்ளைத் துகளிலிருந்து தொடங்க வேண்டும். பத்தி ஒன்றே, சாரம் இரண்டு. ஆகவே சாரம் என்பது பாடநூலில் அச்சிட்டுத் தரக்கூடிய பொருளன்று. பிள்ளையை அறிந்த ஆசிரியர் அவ்வவ்விடத்தில் கட்டுவது.

மலைத்தோட்டப் பிள்ளைக்கு வேறொரு செல்வமும் உண்டு. தான் வாழும் குடியிருப்பு வரிசையை அது 'லயம்' என்கிறது. அச்சொல் ஆங்கில 'லைன்' என்பதிலிருந்து வந்தது. தாய் காலையில் 'மஸ்டர்' நடக்கும் இடத்துக்குச் செல்கிறாள். கொழுந்து 'ஃபேக்டரி'க்குப் போகிறது. ஆங்கிலம் அறியாத வீடு என்று நாம் நினைக்கும் வீட்டில் ஆங்கிலச் சொற்கள் நூறாண்டாகக் குடியிருக்கின்றன. 'லயம்' எனும் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதனருகே அதன் ஆங்கில மூலத்தை எழுதிக் காட்டும் ஆசிரியர், பிள்ளைக்கு இரு நன்மைகள் செய்கிறார். ஒரு புதுச்சொல்லைப் பழஞ்சொல்லோடு பிணைக்கிறார். தன் பேச்சு இழிந்ததன்று என்னும் உறுதியையும் அளிக்கிறார்.

இவ்வரலாற்றில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நேர்ந்துள்ளன. தாய்மொழியை வகுப்பிலிருந்து அறவே விலக்கினால் ஆங்கிலம் விரைவில் வரும் என்று எண்ணுவது ஒன்று. அங்ஙனம் செய்தால் சாரமின்றிச் சுவர் எழுப்பச் சொல்வதாகும். பிள்ளை ஒலியை மட்டும் கற்கும். சாரத்தை அவிழ்க்காமலே விட்டுவிடுவது மற்றொன்று. பத்தாம் வகுப்பிலும் வாக்கியத்துக்கு வாக்கியம் பொருள் எழுதிய குறிப்பேட்டை நம்பியிருக்கும் மாணவன், பழைய நெட்டுருக் காலத்துக்கே திரும்பியவன் ஆவான். முன்னதில் பிள்ளைக்குத் தாய்மொழி போகிறது. பின்னதில் தானே வாசிக்கும் ஆற்றல் வாராமற் போகிறது. எல்லைப்புறத்தும் வெளிமாநிலங்களிலும் பெற்றோர் பலர் இன்று ஆங்கில வழிக் கல்வியையே நாடுகின்றனர். அவர்கள் நாடுவதில் குற்றமில்லை. ஆனால் வகுப்பறையின் மொழியை மாற்றிய அளவில் வாசிப்பு வந்துவிடாது என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகிறது.

பிறமாநிலத் தமிழ்ப் பெற்றோர் பெரிதும் ஆங்கிலம் கற்றிருக்க வேண்டுவதில்லை. பிள்ளை பாடம் வாசிக்குமுன், அதன் படத்தையும் தலைப்பையும் காட்டி, "இதில் என்ன வரும் என்று நினைக்கிறாய்?" என்று தமிழில் கேட்கலாம். ஒரு பத்தி முடிந்ததும், படித்ததை இரண்டு வாக்கியத்தில் தமிழிலேயே சொல்லச் செய்யலாம். விளங்காத சொல்லை உடனே கூறிவிடாமல், முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைக் கொண்டு ஊகிக்க விடலாம். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லுமாறு அமர்த்தலாம். ஊகித்தல், வினவுதல், சுருக்கிக் கூறுதல், ஐயம் தெளிதல் என்னும் இந்நான்கையும் பாலின்சார், பிரவுன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 1984இல் வாசிப்புப் பயிற்சியின் அடிப்படைகளாக வகுத்துக் காட்டினர். அவற்றைச் செய்ய நமக்கு வேண்டுவன தமிழும் பொறுமையும் நாளுக்குக் கால்மணி நேரமுமே.

சில திங்களில் பிள்ளை, "அம்மா, நீங்கள் கேட்க வேண்டா, நானே படித்துச் சொல்கிறேன்" என்று கூறும். அன்று நாம் சற்று விலகி அமர்ந்து கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலும் வட்டவடையிலும் நல்லாசிரியர்கள் செய்யும் பணி அதுவே. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் வீடுகளிலும் அதனைச் செய்ய இயலும் என்று கூறி அமைவோம்.